கடைப் பாட்டரியில் கரண்டுப் பெட்டியை இணைப்பது எப்படி?



நான் எஞ்சினியர் அல்லன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு, மதரஸாவில் ஓதல், அதற்குப் பிறகு முப்பது வருஷமாகக் கல்லாப் பெட்டி. இவ்வளவுதான் என் படிப்பு. இப்படிப்பட்டவன் கரண்டைப் பற்றிப் பாடம் எழுத வரலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தகுதி உண்டு. என் கடை எரியப் பார்த்தது. அதன் பிறகு நான் விசாரித்தும், செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நம்மில் அநேகர் கடைகளில் மேல்தட்டிலோ படிக்கட்டின் அடியிலோ ஒரு பாட்டரி உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதை யார் மாட்டினார், எப்படி மாட்டினார் என்பது கடைக்காரருக்கே தெரியாது.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி மாலை, தீபகற்ப மலேசியா முழுவதும் கரண்டு போனபோது எனக்குப் பதினாறு வயது. பினாங்கில் எங்கள் அத்தாவின் மளிகைக் கடையில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்தோம். தராசு கையால் பிடிக்கும் தராசு. கணக்கு நோட்டுக் கணக்கு. வியாபாரம் நடந்தது. இன்று அதே கடையில் கரண்டு போனால் தராசு நிற்கும், கல்லா திறக்காது, வாடிக்கைக்காரர் கார்டை நீட்டினால் வாங்கிக்கொள்ள மிஷின் இல்லை, காமிரா குருடாகிவிடும். ஆகையால் பாட்டரி வேண்டும் என்பதில் இரண்டு பேச்சில்லை. அதை வைக்கிற முறைதான் பேச்சு.

என் கடையில் நடந்தது

2021-ஆம் ஆண்டில் கடைக்குக் காமிரா வைத்தேன். மாட்ட வந்தவர், "கரண்டு போனாலும் படம் பதிவாகும் தவ்க்கே" என்று சொல்லி, இரும்புத் தட்டின் மேல் இரண்டு பாட்டரிகளை வைத்தார். ஒன்று புதிது. மற்றொன்று என் வேனிலிருந்து கழற்றிய பழையது. காசு மிச்சம் என்று அதை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். பழியை முழுவதும் அவர் தலையில் போட மாட்டேன். காமிராவோடு வந்த 10 ஆம்பியர் கரண்டுப் பெட்டியிலிருந்து இரண்டு மெல்லிய வயர்களை இழுத்து, தட்டிலிருந்த ஓர் ஓட்டை வழியாகச் செலுத்தி, சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் முடுக்கிவிட்டார். பெட்டியில் இருந்த சிறு திருகாணியைக் கொஞ்சம் திருப்பினார். நடுவில் பியூஸ் கிடையாது. ஏழெட்டு மாதம் ஒரு குறையுமில்லை. நானும் நல்ல வேலைக்காரர் என்று இரண்டு பேருக்குச் சிபாரிசு வேறு செய்தேன்.

ஒரு நாள் அசருக்குப் பிறகு கரண்டு போய், மூன்று மணி நேரம் கழித்து வந்தது. வந்து கால் மணி ஆவதற்குள் ரப்பர் கருகும் வாடை. நிமிர்ந்து பார்த்தால் தட்டின் மேல் வயர் புகைந்துகொண்டிருக்கிறது. கடைப் பையன் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான். நான் மெயின் ஸ்விட்சையும் அடைத்தேன். கடை இருண்டது. புகை நிற்கவில்லை! இருட்டில் அந்த வயர் சிவப்பாகப் பழுத்துத் தெரிந்தது. கீழே அரிசி மூட்டைகள், அதையொட்டிப் பிளாஸ்டிக் பைக் கட்டுகள். பிளாஸ்டிக் பிடி போட்ட குறடு ஒன்று கையில் அகப்பட்டது. பாட்டரியை ஒட்டி வயரை வெட்டினேன். அல்லாஹ் காப்பாற்றினான். உள்ளங்கையில் சுட்ட தழும்பு இப்பொழுதும் இருக்கிறது.

சுவரில் பிளக்கைப் பிடுங்கியும் நெருப்பு நிற்காததற்குக் காரணம் என்ன? இதுதான் இந்தப் பாடத்தின் உயிர். பாட்டரி என்பது கரண்டை வாங்கி வைத்துக்கொள்ளும் சாமான் மட்டுமல்ல. அதுவே ஒரு கரண்டு ஊற்று. பெட்டி ஒரு முனையிலும் பாட்டரி மறு முனையிலும் இருக்கும் வயருக்கு இரண்டு பக்கமும் எஜமானர்கள். ஒருவரை அடைத்தால் மற்றவர் நிற்க மாட்டார்.

எதிர்க்கடைக் காக்காவிடம் இதைச் சொன்னபோது, "வெறும் 12 வோல்ட்டுதானே தம்பி, தொட்டால்கூட உறைக்காதே, அது எப்படிக் கடையை எரிக்கும்?" என்று கேட்டார்.

"தொட்டால் உறைக்காது காக்கா, அது உண்மை. ஆனால் நெருப்பை உண்டாக்குவது ஓடுகிற ஆம்பியர். பிளஸ்ஸும் மைனஸும் நேராகத் தொட்டுக்கொண்டால் வேன் பாட்டரி ஒன்றே ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளிவிடும்" என்றேன்.

காக்கா தம் கை மோதிரத்தைப் பார்த்தார். பார்க்க வேண்டியதுதான். பாட்டரியில் கை வைக்குமுன் மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றிக் கல்லாவில் வையுங்கள். மோதிரம் ஸ்பானருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் ஒரு விநாடியில் பழுத்துவிடும். விரலிலிருந்து கழற்றவும் முடியாது.

ஹவுள் கணக்கு

எனக்கு இதைப் புரியவைத்தவர் டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். என் கடை வாடிக்கைக்காரர். செம்புக் கம்பி டெலிபோன் இருந்த காலத்தில் ஊரெல்லாம் கரண்டு போனாலும் டெலிபோன் மட்டும் பேசுமே, நினைவிருக்கிறதா? அதற்குக் காரணம் நிலையத்திலிருந்த பாட்டரி வரிசைதான். 2 வோல்ட் செல்கள் 24-ஐ வரிசையாகக் கோத்து 48 வோல்ட். அதைச் சுமார் 54 வோல்ட்டில் கரண்டுப் பெட்டியோடு இரவும் பகலும் இணைத்தே வைத்திருப்பார்கள். இதற்கு மிதக்க விடுவது என்று பெயர். கரண்டு இருக்கும்வரை பெட்டியே வேலைக்கும் கொடுக்கும். பாட்டரியையும் நிரம்பிய நிலையில் வைக்கும். கரண்டு போன அந்தக் கணமே பாட்டரி வேலையை எடுத்துக்கொள்ளும். ஸ்விட்சுப் போட ஆள் வேண்டியதில்லை. நம் கடையிலும் நாம் செய்ய நினைப்பது இதே காரியத்தைத்தான், சிறிய அளவில்.

நான் அதை என் புத்திக்கு எட்டிய விதத்தில் பள்ளிவாசல் ஹவுளை வைத்துப் புரிந்துகொண்டேன். கிணற்றிலிருந்து பம்பு தண்ணீரை ஹவுளுக்கு ஏற்றுகிறது. பம்பு ஓடும்போதும் நாம் ஒளு செய்கிறோம். நின்ற பிறகும் ஹவுளில் உள்ள தண்ணீரில் செய்கிறோம். பம்பு கரண்டுப் பெட்டி, ஹவுள் பாட்டரி, ஒளு செய்கிறவர்கள் காமிராவும் விளக்கும். இதில் மூன்று கேள்விகள் எழும். தண்ணீர் எந்த மட்டம்வரை ஏற வேண்டும்? ஹவுள் வறண்டு கிடக்கும்போது பம்பு திணறாமல் எப்படி நிரப்பும்? பம்பு நின்றால் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கிணற்றுக்குத் திரும்பி ஓடாமல் எது தடுக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்காத இணைப்பு, இணைப்பே அல்ல.

முதலில் மட்டம். 12 வோல்ட் ஈயப் பாட்டரிக்குள் ஆறு அறைகள். நன்றாக நிரம்பி, சில மணி நேரம் சும்மா இருந்த பாட்டரியை மீட்டரில் பார்த்தால் 12.6 முதல் 12.8 காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 11.8-க்கு வந்துவிட்டால் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்பொழுது யோசியுங்கள்: சாதாரணக் காமிராப் பெட்டி கொடுப்பது 12 வோல்ட். 12.7-இல் நிற்கும் ஹவுளை 12-இல் இருக்கும் பம்பு எப்படி நிரப்பும்? நிரப்பாது. பாட்டரி எப்போதும் அரைகுறையாகவே கிடந்து, தகடுகளில் வெள்ளை உப்புப் படிந்து, ஒரு வருஷத்தில் செத்துப்போகும். மிதக்க விடுவதற்கு வேண்டியது 13.5 முதல் 13.8 வோல்ட். இது 25 டிகிரிச் சூட்டுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. நம் ஊர்க் கடைகளில், அதுவும் மேல்தட்டில், 33, 35 டிகிரி சாதாரணம். சூடு ஏற ஏற வோல்ட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். நம் கடைக்கு 13.4 அல்லது 13.5 போதும். 14.4 என்று ஓர் அளவு உண்டு. அது தீர்ந்துபோன பாட்டரியை விரைவாக நிரப்பும்போது சில மணி நேரத்துக்கு மட்டும். அதிலேயே மாதக்கணக்காக வைத்திருந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் வாயுவாகப் போய்விடும். பாட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவே கடைசி வார்த்தை.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. சில காமிராக்கள் 12 வோல்ட்டுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 13.2 வரைதான் தாங்கும். 13.5-ஐ நேராகக் கொடுத்தால் கெட்டுப்போகலாம். சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். தாங்காது என்றிருந்தால், நடுவில் வோல்ட்டை 12-இல் நிறுத்திக் கொடுக்கும் சிறு பெட்டி ஒன்று போட வேண்டும். அது பெரிய செலவல்ல.

என் பெட்டி எரிந்த கணக்கு

இரண்டாவது கேள்வியில்தான் என் கடை மாட்டிக்கொண்டது. காமிராப் பதிவுப் பெட்டி 20 வாட், நான்கு காமிரா 20 வாட், இண்டர்நெட் பெட்டி 10 வாட், இரண்டு சிறு விளக்கு 20 வாட். மொத்தம் 70 வாட். 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6 ஆம்பியர். 10 ஆம்பியர் பெட்டியில் மிச்சம் 4 ஆம்பியர்தான். ஆனால் மூன்று மணி நேரம் வேலை செய்து இளைத்துப்போன இரண்டு பாட்டரிகள் கரண்டு வந்ததும் எவ்வளவு கேட்கும்? கொடுக்கிற அளவெல்லாம் கேட்கும். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணிப் பாட்டரி. ஈயப் பாட்டரியைப் பதமாக நிரப்ப அதன் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் வழக்கம். இரண்டுக்கும் சேர்த்து 20. கட்டுப்படுத்த ஆளில்லாவிட்டால் அதற்கு மேலும் இழுக்கும். போதாக்குறைக்குப் புதிய பாட்டரி பழைய பாட்டரிக்கும் தன் கரண்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. மெல்லிய வயர் சுட்டது. இரண்டு வயரும் ஒரே ஓட்டையில் நெருக்கிக்கொண்டு போன இடத்தில் மேல்தோல் இளகி, உள்கம்பிகள் தொட்டுக்கொண்டன. அதன் பிறகு பெட்டிக்கு வேலையே இல்லை. பாட்டரிகளே நேராகத் தள்ளின.

ஆகவே பெட்டி வாங்கும்போது "எத்தனை வோல்ட்" என்று மட்டும் கேட்காதீர்கள். "பாட்டரிக்குப் போகும் ஆம்பியரைக் கட்டுப்படுத்துமா?" என்று கேளுங்கள். பாட்டரிக்கென்றே தனி முனை வைத்த பெட்டிகள் விற்கின்றன. சாமானுக்கு ஒரு ஜோடி முனை, பாட்டரிக்கு ஒரு ஜோடி முனை. பாட்டரிக்குப் போவதை அளவாக விடும். கரண்டு போனால் பாட்டரியிலிருந்து வாங்கிச் சாமானுக்குக் கொடுக்கும். பாட்டரி மிகவும் இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும். நம்மைப் போன்ற கடைக்காரருக்கு இதுதான் நல்லது. காமிராவோடு இனாமாக வரும் பெட்டியைத் திருகாணியால் முறுக்கிப் பாட்டரியில் மாட்டுவது இரண்டு காசு மிச்சம் பிடித்து இரண்டாயிரம் இழக்கும் வியாபாரம்.

பாட்டரி எவ்வளவு பெரியது வேண்டும் என்பதும் இதே கணக்குத்தான். 6 ஆம்பியரை 4 மணி நேரம் ஓட்ட 24 ஆம்பியர்-மணி. ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 50, 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஒன்று போதும். நான் 200 வைத்திருந்தேன்! பெரிதாக வைத்தால் நல்லது என்ற நினைப்பு. நிரப்பச் சக்தியில்லாத பெட்டியோடு பெரிய பாட்டரியைக் கட்டுவது நல்லதல்ல. இன்னொன்று: வேன் பாட்டரி எஞ்சினைக் கிளப்ப ஒரே மூச்சில் தள்ளுவதற்குச் செய்தது. மணிக்கணக்காக மெதுவாகக் கொடுக்க அதனால் ஆகாது. அதற்கென்று செய்த பாட்டரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி, திரும்பி ஓடுவது. பம்பில் புட்வால்வு போடுகிறோம் அல்லவா? கரண்டில் அந்த வேலையைச் செய்வது டயோட் என்னும் சிறு சாமான். ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. கோடு போட்ட முனை பாட்டரிப் பக்கம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், கரண்டு போனதும் பாட்டரி தன் கரண்டைப் பெட்டிக்குள்ளேயே திருப்பித் தள்ளும். பல பெட்டிகளில் அது பாட்டரியை மெதுவாகக் காலி செய்வதோடு நிற்கும். ஆனால் கனமான பழைய வகைப் பெட்டிகள் சிலவற்றில் வோல்ட் ஏறினால் தன் வாயைத் தானே இரும்புக் கம்பிபோல் குறுக்கே அடைத்துக்கொள்ளும் காவல் ஒன்று இருக்கும். அது ஒருமுறை அடைத்துக்கொண்டால், பாட்டரி முழு பலத்தோடு அந்தப் பெட்டிக்குள் பாயும். பெட்டி கரிதான். டயோட் தனக்கென்று சாதாரண வகையில் 0.7 வோல்ட்டும், ஷாட்கி என்னும் வகையில் 0.3 முதல் 0.5 வோல்ட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே வோல்ட்டைப் பெட்டியின் வாயில் அளக்காமல் பாட்டரியின் முனையில் அளக்க வேண்டும். 10 ஆம்பியர் ஓடினால் ஷாட்கி டயோட்கூட 5 வாட் சுடும். அலுமினியத் தகட்டில் பிடித்து வையுங்கள். தகட்டை வேறு இரும்பில் பட விடாதீர்கள். பாட்டரி முனை வைத்த பெட்டியில் இதெல்லாம் உள்ளேயே இருக்கும்.

பியூஸ் எங்கே?

இந்தப் பாடத்தில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பியூஸ் பாட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பெட்டிப் பக்கம் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பியூஸுக்கும் பாட்டரிக்கும் இடையே எவ்வளவு வயர் இருக்கிறதோ அவ்வளவும் காவலில்லாத வயர். என் கடையில் தீப்பற்றியது அந்தத் தூரத்தில்தான். இரண்டு பாட்டரியைப் பக்கம் பக்கமாக இணைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பியூஸ்.

பியூஸின் அளவு வயரைக் காப்பாற்றுவதற்காக. 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 10 ஆம்பியர்; 2.5 வயருக்கு 15 அல்லது 20. 6 வயருக்கு 30 அல்லது 40 என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஓடும் கரண்டுக்கு மேலும் வயர் தாங்கும் அளவுக்குக் கீழும் இருக்க வேண்டும், அவ்வளவே. அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸைப் போடுகிறவர்களும், சிகரெட் பெட்டித் தகடு சுற்றுகிறவர்களும் நம்மிடையே உண்டு. பியூஸ் போனால் ஏன் போனது என்று பார்க்க வேண்டும்.

கார் கடையில் விற்கும் பட்டைப் பியூஸ் 32 வோல்ட்வரை நேர்க்கரண்டுக்கு ஆனது. 12 வோல்ட் சிறு கடைப் பாட்டரிக்கு ஏற்றது. வீட்டு ஸ்விட்சுப் பலகையிலிருந்து கழற்றிய பிரேக்கரை இதற்குப் போடாதீர்கள். சுவர்க் கரண்டு விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு வந்து போகிறது. அப்போது பொறி தானாக அணையும். பாட்டரிக் கரண்டு ஒரே சீராக ஓடுவது. தொடர்பைப் பிரித்தாலும் பொறி விடாமல் நின்று எரியும். நேர்க்கரண்டுக்கு என்று எழுதிய பிரேக்கரே வேண்டும். பெரிய பாட்டரி வரிசை, 24 அல்லது 48 வோல்ட் வைக்கிறவர்கள் பியூஸையும் தெரிந்தவரைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டைப் பியூஸ் அங்கே தாங்காது.

பாட்டரிகளைக் கோக்கும் விதம்

ஒன்றின் பிளஸ் மற்றொன்றின் மைனஸில் என்று வரிசையாகக் கோத்தால் வோல்ட் கூடும். இரண்டு 12 சேர்ந்து 24. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்றால் வோல்ட் 12-ஏ, ஆம்பியர்-மணி கூடும். எதுவானாலும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கியவையாக இருக்கட்டும். பழையதையும் புதியதையும் ஜோடி சேர்த்தால் பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும். பக்கம் பக்கமாக இணைத்தவற்றில் பிளஸ் வயரை ஒரு கோடிப் பாட்டரியிலும், மைனஸ் வயரை மறு கோடிப் பாட்டரியிலும் எடுத்தால் எல்லாம் சமமாக உழைக்கும். லோரி வைத்திருக்கும் சகோதரர்கள் 24 வோல்ட் ஜோடியில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் ரேடியோவுக்கு 12 வோல்ட் எடுப்பதுண்டு. அந்த ஒன்று எப்போதும் பசியிலும் மற்றொன்று எப்போதும் அஜீரணத்திலும் கிடந்து இரண்டும் கெடும்.

இணைக்கும் முறை இது. சுவர்ப் பிளக்கைப் பிடுங்குங்கள். பியூஸைக் கழற்றி வையுங்கள். எல்லா வயரையும் முடுக்குங்கள். மீட்டரை வைத்துப் பிளஸ் பிளஸ்தானா என்று பாருங்கள்; வயரின் நிறத்தை நம்ப வேண்டாம், மாட்டியவர் கையில் எந்த நிறம் இருந்ததோ யார் கண்டது! மீட்டரின் சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் ஓட்டையில் செருகியிருந்தால் அதை வைத்துப் பாட்டரியைத் தொடாதீர்கள். மீட்டரே குறுக்குக் கம்பியாகிவிடும். எல்லாம் சரி என்றால் கடைசியில் பியூஸைப் போடுங்கள். சின்னப் பொறி வந்தால் அது பியூஸ் இருக்கும் இடத்தில் வரும், பாட்டரியின் தலைக்கு மேல் வராது. கழற்றும்போது முதலில் பிளக், அடுத்துப் பியூஸ், பிறகு மற்றவை.

பாட்டரியின் தலைக்கு மேல் பொறி வரக் கூடாது என்று ஏன் சொல்கிறேன்? நிரம்பும்போது ஈயப் பாட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே பொறி பட்டு வெடிக்கக்கூடிய வாயு. வெடித்தால் தெறிப்பது ஆசிட். மூடிய அலமாரி, படுக்கும் அறை, அடுப்புப் பக்கம், பட்டாசும் மண்ணெண்ணெயும் வைக்கும் இடம் ஆகாது. மூடி வைத்த பாட்டரிதானே என்று அலட்சியம் வேண்டாம். அளவுக்கு மேல் நிரப்பினால் அதுவும் வாயு விடும். தட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் தாம்பாளம் வையுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. சூடான இடமும் ஆகாது. 10 டிகிரிச் சூடு கூடினால் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். நான் மேல்தட்டிலிருந்து இறக்கி, கல்லாவுக்குப் பின்னால் காற்றோடும் மூலையில் வைத்துவிட்டேன்.

இப்பொழுது லித்தியம் பாட்டரி மலிவாக வருகிறது. கடைக்கு வாங்குவதானால் இரும்புப் பாஸ்பேட் வகையைக் கேளுங்கள். நான்கு அறை, 12.8 வோல்ட். எடை குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் அதற்குள் காவல் பலகை கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கென்று செய்த சார்ஜர் வேண்டும். வறண்ட லித்தியம் ஈயத்தைவிட அதிகமாக ஆம்பியரை இழுக்கும். சாதாரணப் பெட்டி அதன் முன் நிற்காது. ஈயப் பாட்டரியோடு ஒருபோதும் ஜோடி சேர்க்காதீர்கள். மின்சார சைக்கிளிலிருந்து கழற்றிய பழைய லித்தியத்தைக் கடைக்குள் கொண்டு வரவே வேண்டாம்.

பிரீஸருக்கும் பாட்டரி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் வேண்டும். 1000 வாட் எடுக்க 12 வோல்ட் பக்கம் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். சுண்டுவிரல் பருமனுள்ள கேபிள் வேண்டும். அது மளிகைக்காரன் கை வைக்கும் வேலையல்ல. அதைவிட முக்கியம்: இன்வெர்ட்டரின் வாயை இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர் ஓட்டையில் செருகிக் கடை முழுவதும் விளக்கெரியச் செய்கிறார்கள் சிலர். அந்தக் கரண்டு மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். கரண்டு இல்லை என்று நம்பி மேலே ஏறியிருக்கும் தொழிலாளியின் கையில் போய் முடியும். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும். கடையின் நிரந்தர வயரிங்கோடு சேர்ப்பதானால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு மாற்று ஸ்விட்சு வைத்தே செய்ய வேண்டும். சுவர்க் கரண்டும் பாட்டரிக் கரண்டும் ஒரே நேரத்தில் கடைக்குள் வர முடியாதபடி அந்த ஸ்விட்சு தடுக்கும்.

மாட்டியதோடு மறந்துவிடக் கூடாது. நான் மாதம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையை அடைக்கும்போது, பெட்டியின் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகிறேன். திரும்பி வந்ததும் காமிரா ஓடுகிறதா என்று பார்த்து, பாட்டரியின் வோல்ட்டை அளந்து, பிளக்கை மாட்டி, கால் மணி கழித்து வயரையும் முனைகளையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். எங்கே சுடுகிறதோ அங்கே முடுக்கம் தளர்ந்திருக்கும். அளவுகளைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதுகிறேன். போன மாதம் ஜும்ஆவிலிருந்து திரும்பியபோது 12.4 இருந்தது; இந்த மாதம் 12.3. இந்தப் பாட்டரிக்கு நான்காவது வருஷம் நடக்கிறது. 12-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுவதாக இருக்கிறேன். காக்காவின் கடைப் பாட்டரியையும் போன வாரம் திறந்து பார்த்தோம். பியூஸ் இல்லை. அன்றே போட்டோம்.